தலைகீழாக நின்ற முக்கோணம்

நாவலூர் ஆபீஸில் எனக்கு வழியனுப்பு விழா நடந்த அன்று சால்வை போட்டார்கள், கேக் வெட்டச் சொன்னார்கள். எல்லாருக்கும் நடப்பதுதான். அதற்கு மேல் எங்கள் டிராயிங் பிரிவுப் பிள்ளைகள் ஒரு வேலை செய்து வைத்திருந்தார்கள். மீட்டிங் அறையின் பெரிய திரையில், டிவியில் மாட்டி ஓட்டுகிற அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றை அப்படியே வரவழைத்திருந்தார்கள். நிஜ மெஷின் இல்லை, மெஷின் மாதிரி நடிக்கிற ஒரு சாஃப்ட்வேர். ஆனால் அதே வெளுத்த திரை, அதே கட்டை எழுத்து.

"சார், பேசிக்ல படம் போட்டேன், பேசிக்ல படம் போட்டேன்னு எங்க உயிரை எடுப்பீங்கல்ல? இப்போ ஒண்ணு போட்டுக் காட்டுங்க" என்றாள் திவ்யா. என் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த பெண், வாயாடி.

உட்கார்ந்தேன். ஒரு புள்ளி, அங்கிருந்து மூன்று கோடு. யோசிக்கவே இல்லை, விரல் தானாக அடித்தது. திரையில் ஒரு முக்கோணம், நுனி மேலே பார்த்து நின்றது.

"இவ்ளோதானா சார்? வட்டம் போடுங்க, பூ மாதிரி ஏதாவது போடுங்க."

"முதல்ல முக்கோணம்தான் போடணும்" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டேன். போகிற நாளில்கூட ஆளுக்குக் கோபம் குறையவில்லை பார் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். ஏன் முக்கோணம் என்று திவ்யா அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டாள். போனில் சொல்கிற விஷயம் இல்லை என்று வைத்துவிட்டேன். எழுதுகிற விஷயமா என்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் சிவில் டிப்ளமோ. குரோம்பேட்டையில் படித்தேன், இரண்டு வருஷம் வேலை கிடைக்காமல் சுற்றினேன், டைப்ரைட்டிங் பழகினேன். அந்த டைப்ரைட்டிங்கைப் பார்த்துத்தான் தேவசகாயம் சார் என்னை எடுத்துக்கொண்டார். அவர் சர்வே துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பரம் மேற்கில், ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து நிலம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஜிஎஸ்டி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயலெல்லாம் மனையாக மாற ஆரம்பித்த காலம். எட்டு மனை, பத்து மனை என்று சின்னச் சின்னதாகப் பிரித்து விற்பார்கள். அளந்து, படம் போட்டு, மனை நம்பர் கொடுப்பது எங்கள் வேலை. அந்தப் படத்தை வைத்துத்தான் பத்திரம் எழுதுவார்கள்.

சாருடைய மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கனமான ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். ரப்பர் பட்டன். ஆபீஸில் இருந்த சின்ன கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டுவோம். புரோகிராமை டேப் ரிக்கார்டரில் கேசட்டில் பதிந்து வைப்போம். திரும்ப ஏற்றும்போது கீச்சென்று காதைக் கிழிக்கும், கீழே கடைக்காரர் மேலே பார்த்துத் திட்டுவார். அதற்குக் கட்டளை எழுதுகிற மொழிக்குப் பேசிக் என்று பெயர். அதில் புள்ளி வைக்க ஒரு சொல், அந்தப் புள்ளியிலிருந்து கோடு இழுக்க ஒரு சொல், வட்டத்துக்கு ஒரு சொல். திரையின் கீழ் இடது மூலைதான் பூஜ்யம். வலப்பக்கம் எத்தனை, மேல்பக்கம் எத்தனை என்று எண் கொடுத்தால் கோடு போகும். வடக்கு மேலே, கிழக்கு வலது. எங்கள் தொழிலுக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

சாருடைய முறை ஒன்று உண்டு, அதிலிருந்து மயிரிழை விலக விடமாட்டார். நிலத்தில் அளவுச் சங்கிலி பிடிக்கும்போது ஒருவர் அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். அளவுப் புத்தகத்தில் ரப்பர் கூடாது. தப்பாக எழுதினால் அடித்துவிட்டு மேலே எழுது, உன் தப்பு அங்கேயே கிடக்கட்டும் என்பார். அப்புறம் ஆபீஸுக்கு வந்து, தென்மேற்குக் கல்லில் ஆரம்பித்து நிலத்தைச் சுற்றி ஒவ்வொரு கோடாகத் திரையில் போட வேண்டும். கடைசிக் கோடு ஆரம்பித்த புள்ளியில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் எங்கோ அளவு தப்பு. சார் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே வார்த்தை கேட்பார்.

"மூடுதா?"

"மூடுது சார்."

அதோடு முடியாது. திரையைப் பார்த்துப் புள்ளி எண்ணி, ஒரு புள்ளிக்கு இரண்டு அடி என்று கிராஃப் தாளில் படத்தை இறக்குவேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சார் திரும்பவும் நிலத்துக்குப் போவார். தென்மேற்குக் கல்லில் நின்று, வடக்கே முகம் வைத்து, தாளை முன்கையில் பரப்பிக்கொண்டு ஒவ்வொரு அடையாளமாக விரல் வைத்துப் பார்ப்பார். ஒருமுறை நான் தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். "பேப்பரைத் திருப்பாதே பாஸ்கர். உன் உடம்பைத் திருப்பு" என்றார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார், ரொம்ப நேரம் துடைப்பார். அதற்குத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

ஒரு மார்கழியில் ஏழுமலை என்று ஒருவர் வந்தார். பெருங்களத்தூருக்கு மேற்கே ஏரிக்கரைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம். கிழக்கே ரோடு. வடக்கு தெற்காக இருநூற்று நாற்பது அடி நீளம், உள்ளே அறுபது அடி. ரோட்டைப் பார்த்து வரிசையாக எட்டு மனை, ஒவ்வொன்றும் முப்பது அடி அகலம். இதைவிடச் சுலபமான வேலை இருக்க முடியாது. அளந்துகொண்டிருந்தபோது வடக்குக் கோடிக்குப் பக்கத்தில், ரோட்டோரம், புல்லுக்குள் மூன்று செங்கல் நட்டிருந்த இடத்தில் அவர் நின்றார்.

"எட்டுல இந்த ஒண்ண மட்டும் எனக்கு வுட்டுடுங்க சார். என் சம்சாரம் இங்கதான் பட்த்துகினு கீது" என்றார். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. செல்வி என்று ஒரு மகள், சின்னப் பெண்.

சார் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தை நாலு பக்கத்திலிருந்தும் அளந்தார். அளவைச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன், எழுதினேன். வடக்கிலிருந்து எண்ணினால் இரண்டாவது மனை. அது ஏழுமலைக்கு, மற்ற ஏழும் விற்பனைக்கு என்று பேச்சு.

அந்த வாரம் பார்த்து எங்கள் மெஷின் படுத்துவிட்டது. ரப்பர் பட்டனுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தாள் விட்டுப்போய், பாதி எழுத்து விழவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்தோம். பொங்கலுக்கு முன்னால் படம் வேண்டும் என்று ஏழுமலை அவசரப்பட்டார். சாருடைய சர்ச் சபைக்காரர் ஒருவர் வீட்டில் வேறு ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் இருந்தது, இரவல் வாங்கி வந்தோம். அதிலும் பேசிக்தான், ஆனால் சொற்கள் கொஞ்சம் வேறு. நான் என் நோட்டைப் பார்த்துப் பழைய சொல்லை அடித்துவிட்டுப் புதுச் சொல்லை எழுதினேன். சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு சதுரம் போட்டுப் பார்த்தேன், அழகாக வந்தது. ஒரு வட்டம் போட்டேன், அதுவும் அழகாக வந்தது. ஒரே மத்தியானத்தில் புது மெஷினைப் பழக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. சத்தியமாகச் சொல்கிறேன், கீழே போய்க் கடைக்காரரிடம்கூட பீற்றிக்கொண்டேன்.

அந்த மெஷினில் பூஜ்யம் கீழே இல்லை. மேலே, இடது மூலையில் இருந்தது. மேலே போ என்று நான் கொடுத்த எண்ணுக்கெல்லாம் அது கீழே போனது. சொற்களை மாற்றினேன், திசையை மாற்றவில்லை. சதுரத்தைக் கவிழ்த்தாலும் சதுரம்தான், வட்டத்தைக் கவிழ்த்தாலும் வட்டம்தான், ஏழுமலையின் நிலமும் நேரான செவ்வகம். அதைச் சுற்றி வந்த கோடு கச்சிதமாக மூடியது. சமாதிக்கு ஒரு சின்ன வட்டம் போட்டேன், அது தெற்குக் கோடிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அளவுப் புத்தகம் என் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது. திரையில் வந்ததை அப்படியே தாளில் இறக்கினேன், பழக்கத்தில் வடக்குக்கு அம்புக்குறியை மேல்பக்கமே போட்டேன், மேலிருந்து ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டேன். சமாதி வட்டம் ஏழாம் நம்பரில் இருந்தது. அந்த நம்பரை ஏழுமலைக்கு என்று எழுதினேன்.

சார் அப்போது கண்ணில் புரை எடுத்துக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். வெயிலில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மூடுதா?"

"மூடுது சார்."

"எனக்குப் பதிலா நீ போய்ட்டு வா பாஸ்கர். கல்லுல நின்னு பாத்துட்டு வா. வந்து சொன்னப்புறம் கையெழுத்துப் போடறேன்."

போனேன். போகிக்கு முந்தின நாள். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் தெற்கே போகிற ஜனம் அத்தனையும் மூட்டை முடிச்சோடு ரோட்டிலேயே நின்றது. நான் வந்த பஸ் நகரவே இல்லை, இறங்கித் தள்ளுமுள்ளில் ரோட்டைக் கடக்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. அங்கிருந்து ஏரிக்கரைக்கு இன்னும் நடக்க வேண்டும். டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். செவ்வகம்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தது இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

"பாத்தியா?" என்றார் சார்.

"பாத்துட்டேன் சார்."

கையெழுத்துப் போட்டார்.

பொங்கலுக்குப் பிறகு கல் நட்டார்கள். கல் நடுகிறவர்களுக்குப் படம் தேவைப்படவில்லை, முப்பது முப்பது அடியாக அளந்து வடக்கிலிருந்து நம்பரைப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஏழுமலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரம் பதிந்தாயிற்று. எங்கள் பழைய மெஷின் ரிப்பேராகி வந்துவிட்டது, இரவல் மெஷினை மூட்டை கட்டி பீரோவில் வைத்தோம். வாங்கிப் போக அந்தச் சபைக்காரர் வரவே இல்லை. அதில் போட்டது அந்த ஒரே படம்தான்.

ஆடி அமாவாசையன்று காலையில் ஏழுமலை மாடிப்படி ஏறி வந்தார். கையில் மஞ்சள் பை, அதில் தேங்காயும் கற்பூரமும். வாசலிலேயே நின்றார்.

"சார், என் சம்சாரம் மேல கோடு போட்டுகீறாங்க" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. "சுண்ணாம்புக் கோடு சார். கடைக்கால் நோண்டப் போறாங்களாம். ஆளுங்க கடப்பாரையோட நிக்கிறாங்க. இது எங்க இடம்னு ஒரு டீச்சரம்மா பத்திரத்த காட்டுது. நான் இன்னா சார் பண்ணுவேன்."

சார் படத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினார். என்னைக் கூப்பிடவில்லை. மத்தியானம் திரும்பி வந்தார். தாளை என் மேஜையில் வைத்தார்.

"வேலையை நிறுத்தச் சொல்லிட்டு வந்திருக்கேன். படம் தலைகீழா இருக்கு. எப்படின்னு கண்டுபிடி."

பீரோவிலிருந்து அந்த மெஷினை எடுத்து மாட்டினேன். சதுரம் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை. வட்டம் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் மேலே ஒரு நுனி, கீழே இரண்டு என்று எண் கொடுத்து ஒரு முக்கோணம் போட்டேன். அது தலைகீழாக நின்றது. டிவியில் அந்தச் சின்ன முக்கோணம் நுனியை ஊன்றிக்கொண்டு நின்றதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை சின்ன வேலையை ஆறு மாதத்துக்கு முன்னால் செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

சாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "இது மெஷினோட விஷயம். சரி. நிலத்துல போய் நின்னா தெரிஞ்சிருக்குமே" என்றார்.

நான் மெஷினின் வயரைக் கழற்றினேன்.

"நீ அன்னிக்குப் போனியா பாஸ்கர்?"

"இல்ல சார். பஸ் ஸ்டாப்போட திரும்பிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போறோம்" என்றார்.

மறுநாள் அங்கே ஏழுமலை இருந்தார், இரண்டாம் மனையை வாங்கிய ரூபி டீச்சர் இருந்தார், அவருடைய மேஸ்திரி இருந்தார். டீச்சர் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தார். நாற்பது வயதிருக்கும், தனி ஆள், சொந்த வீடு என்று ஒன்றை அப்போதுதான் கட்டப் போகிறார். ஆடியில் யாரும் கடைக்கால் போட மாட்டார்கள். டீச்சருக்கு அந்தக் கணக்கு கிடையாது, ஆடியில் கொத்தனார் லேசாகக் கிடைப்பார்கள் என்று ஆரம்பித்திருந்தார். வெள்ளைக் கோடு அந்த மூன்று செங்கல்லில் ஒன்றின் மேல் ஏறிப் போயிருந்தது.

"டீச்சர், படத்துல இருக்கிற கையெழுத்து என்னுது. தப்பும் என்னுது. இவருக்கு விட வேண்டிய மனையை உங்களுக்கு எழுதிட்டோம்" என்றார் சார். பிறகு ஏழுமலையைப் பார்த்து, என் தோளில் கை வைத்து, "எப்படி நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சது இவன்" என்றார்.

இரண்டும் பொய் இல்லை. ஏழுமலை என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"எனக்குப் புரியல சார். பத்திரம் என் பேர்ல இருக்கு. ஜெபம் பண்ணி வேலையை ஆரம்பிச்சாச்சு. இப்ப வந்து தப்புன்னா நான் எங்க போறது?" என்றார் டீச்சர். அவர் கேட்டதில் என்ன தவறு.

ஏழாம் மனையோடு மாற்றிக்கொள்ளலாமா என்று சார் கேட்டார். எல்லாரும் தெற்கே நடந்துபோய்ப் பார்த்தோம். அந்தப் பக்கம் தரை பள்ளம். டீச்சர் சாரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை, நேராக ஏழுமலையைப் பார்த்து, "மழை வந்தா இங்க எவ்ளோ தண்ணி நிக்கும்?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தை பொய் சொன்னால் அவருக்கு மனைவி கிடைப்பாள். கணுக்கால் அளவுதான் என்று சொல்லலாம். யார் கண்டது.

"முட்டி வரிக்கும் நிக்கும்மா. ஏரி ரொம்பிச்சின்னா இப்டிதான் வரும். பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

எனக்கு அந்த மனிதரின் பக்கத்தில் நிற்கவே கூசியது.

"அப்போ என்னால முடியாது" என்றார் டீச்சர். மேஸ்திரி நடுவில் புகுந்து, தோண்டி எலும்பை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடலாம், எத்தனையோ பேர் செய்கிறார்கள் என்றார். ஏழுமலை சண்டை போடவில்லை. திரும்பி நடந்துபோய் அந்தச் செங்கல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அவளுக்கு நான் குடுத்தது இந்த எடம் ஒண்ணுதாம்மா. வேற இன்னா குடுத்தேன், கஷ்டத்த தவிர."

டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாளும் சார் என்னோடு வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினார். நாலாவது நாள் டீச்சர் ஆபீஸுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க ஊர்ல கோயிலைச் சுத்திக் கல்லறைதான் சார். சின்ன வயசுல அதுக்கு நடுவுலதான் ஓடிப் பிடிச்சு விளையாடுவோம். எனக்குப் பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரோட்டோரமாத்தானே இருக்காங்க? அந்த மூலையை வெட்டி அவர் பேர்லயே எழுதிக் குடுத்துடறேன். நான் வீட்டைக் கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டிக்கறேன்."

சார் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆனா ஒண்ணு. அந்த மனுஷன் தண்ணி நிக்கும்னு உண்மையைச் சொன்னாரு பாருங்க, அதுக்காகத்தான் பண்றேன். உங்க ஆபீஸுக்காக இல்ல."

எட்டுக்குப் பத்து அடி. ரோட்டிலிருந்து நேரே உள்ளே வருகிற மாதிரி ஒரு மூலை. அதை வெட்டியதும் டீச்சர் மனைக்கு ஆறு முனை ஆகிவிட்டது. பழைய மெஷினில் அந்த ஆறு கோட்டையும் போட்டேன். அதற்கு முன்னால் திரையின் ஓரத்தில் ஒரு முக்கோணம் போட்டுப் பார்த்தேன், நிமிர்ந்து நின்றது.

"மூடுதா?"

"மூடுது சார். நிலத்துலயும் போய் நின்னு பாத்துட்டேன் சார்."

"சரி. நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினார். அதற்குப் பிறகு அவரிடம் நான் வேலை பார்த்த காலம் முழுக்க, பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னால் ஒரு வார்த்தை மறுத்தது இல்லை, ஒரு தடவைகூட வராமல் இருந்ததும் இல்லை. அதைவிட என்னை அடித்திருக்கலாம்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏழுமலைகிட்ட ஏன் சார் நான் போகாததைச் சொல்லல?"

"அது என்னோட வாயால சொல்ற விஷயம் இல்ல" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஆபீஸை மூடிவிட்டார். கண் சரியில்லை என்று எல்லாரிடமும் சொன்னார்.

அப்புறம் நான் பல கம்பெனி பார்த்தேன். கம்ப்யூட்டர் பெரிதாயிற்று, படத்தை மெஷினே தாளில் இறக்கியது, பிறகு தாளும் போயிற்று. கடைசிப் பதினெட்டு வருஷம் நாவலூர். எந்தப் புது மெஷின், எந்தப் புது சாஃப்ட்வேர் வந்தாலும் முதலில் ஒரு முக்கோணம் போட்டுப் பார்ப்பேன். பிள்ளைகள் அதை என் கிறுக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.

ஏழுமலை என்னை விடவில்லை. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் மனைவிக்குத் தேங்காய் உடைத்துப் படைத்துவிட்டு, ஒரு பாதியைச் செலவுக்குக் காசில்லாத நாளிலும் பஸ் பிடித்து வந்து என்னிடம் கொடுப்பார். நான் சேலையூருக்கு வீடு மாறினேன், அங்கேயும் தேடி வந்தார். என் மனைவியிடம், "ஒங்க வூட்டுக்காரரு இல்லேன்னா என் சம்சாரம் மேல செவுரு எழுப்பியிருப்பாங்கம்மா" என்பார். அவள் பெருமையாக என்னைப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். வெட்கம்தான், வேறு ஒன்றும் இல்லை. அவர் கும்பிடுவது எனக்குப் பிடித்தும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூலையை அளந்து கொடுத்த நாளுக்குப் பிறகு அந்த இடத்துக்கு நான் போனதே இல்லை. அவர் செத்துப்போனபோது ஊர்ச் சுடுகாட்டில்தான் எரித்தார்கள், அங்கே போய் நின்றுவிட்டு வந்தேன். அப்புறம் மகள் செல்வி தேங்காய் கொண்டுவர ஆரம்பித்தாள். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிறாள், அவளுக்கே இப்போது பேரப்பிள்ளை.

இந்தத் தை அமாவாசைக்கும் வந்தாள். நான் ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகியிருந்தது, திவ்யா இரண்டாவது தடவை போன் பண்ணியது அதற்கு முந்தின நாள். செல்வியை உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினைப் பற்றிக் கொஞ்சம்தான் சொன்னேன். பஸ் ஸ்டாப்பையும் டீயையும் முழுக்கச் சொன்னேன்.

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"இத்த எங்கப்பா கீறப்போ சொல்லியிருக்கணும் சார்" என்றாள் செல்வி. "அவரு ஒங்க பேர சொல்லிகினேதான் போனாரு."

தேங்காயை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஆடி அமாவாசைக்கு அவள் வரவில்லை. பத்து மணி வரைக்கும் பார்த்தேன். அப்புறம் கடையில் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பெருங்களத்தூரில் இறங்கி, ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். வயது இப்போது அறுபதுக்கு மேல், ஆனாலும் அது ஒன்றும் பெரிய தூரம் இல்லை. இருபத்து மூன்று வயதில் நான் நடக்காத தூரம்.

சுற்றிலும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. டீச்சர் காலமாகிவிட்டார், அவருடைய அக்கா மகன் அந்த வீட்டில் இருக்கிறார். மூலை அப்படியே இருக்கிறது, எட்டுக்குப் பத்து. மூன்று செங்கல்லுக்குப் பதில் சிமெண்ட் மேடை. செல்வி கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தேங்காயை நீட்டினேன். வாங்கி உடைத்து, இரண்டு பாதியையும் அங்கேயே வைத்தாள். எனக்குப் பாதி இல்லை. அது சரிதான்.

கற்பூரம் ஏற்றியபோது கேட்டாள். "அந்த டிவி பொட்டில எங்கம்மாவ எப்டி சார் போட்டீங்க?"

"சின்ன வட்டமா."

"வட்டமாவா" என்றாள். கொஞ்ச நேரம் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கை கூப்பி நின்றேன்.

"அது தலமாடு சார். தெக்கால தல வெச்சி பட்த்துகீறாங்க. கால்மாட்டுல வந்து நில்லுங்க."

வட்டத்துக்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது. செல்வியின் அம்மாவைப் படுத்திருக்கிறபடி, தலை இது, கால் இது என்று போட்டிருந்தால், அன்றைக்குத் திரையிலேயே கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருப்பேன். அவளுக்கு எந்தப் பக்கம் தலை என்று நான் கேட்டதே இல்லை. ஏழுமலை இத்தனை வருஷம் என் வீட்டுக்கு வந்து போனாரே, அப்போதும் கேட்டதில்லை.

மேடையைச் சுற்றி வந்து, செல்வி காட்டிய இடத்தில் நின்றேன்.